பழுது பார்ப்பவனின் அமானிதம்

தமிழில் ‘பழுது’ என்னும் சொல்லுக்குச் சிதைவு என்பது மட்டும் பொருளன்று. குற்றம், பயனின்மை, பொய் ஆகிய பொருள்களும் அதற்கு உண்டென அகராதிகள் கூறும். அரபு மொழியிலோ ‘இஸ்லாஹ்’ என்னும் ஒரே சொல், உடைந்த பொருளைச் செப்பனிடுவதையும், பிணங்கிய இருவரை இணக்குவதையும், நெறி தவறியவரைச் சீர்திருத்துவதையும் ஒருங்கே குறிக்கும். அதன் எதிர்ச்சொல் ‘ஃபஸாத்’. கெட்டுப்போவதும் கெடுப்பதும் அதனுள் அடங்கும். இம்மொழிகளைப் பேசிய முன்னோர் பொருளின் பழுதையும் மனிதனின் பழுதையும் முற்றிலும் வேறு வேறாகக் கருதவில்லை போலும். ஒரு பொருளைச் செப்பனிடக் கொடுக்கும்போது நாம் பொருளை மட்டும் கொடுப்பதில்லை. அதைப்பற்றிய உண்மையைச் சொல்லும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம். அந்தப் பொறுப்பு எத்தகையது, அதில் கொடுத்தவருக்கும் பங்குண்டா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் வினாவாகும்.

இவ்வினாவை எழுப்புவதற்கு வடசென்னையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. 1856இல் இருப்புப்பாதை கண்ட இராயபுரம், விசைப்படகுகளின் எஞ்சின்கள் ஓயாது பிரித்துப் பூட்டப்படும் காசிமேடு, 1956 முதல் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவான திருவொற்றியூர், லாரிகள் பிறக்கும் எண்ணூர் ஆகிய இவையெல்லாம் உலோகத்தையும் எண்ணெயையும் கையறிந்த ஊர்கள். லேத்துப் பட்டறையில் தேய்ந்த அச்சைக் கடைந்து கொடுப்பவரும், பழைய இரும்பை எடைக்கு வாங்கி உயிருள்ள உறுப்பைப் பிரித்தெடுப்பவரும் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. பழைய பொருள் வாங்கும் கடையைத் தமிழகம் ‘காயலான் கடை’ என்றே அழைக்கிறது. அப்பெயர் காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பர். எதையும் எளிதில் எறியாத இந்த மரபுக்குள் இப்போது கணிப்பொறியும் வந்து சேர்ந்துள்ளது.

சிறு குப்பியின் பெரும்பணி

கணிப்பொறியின் உள்ளே விரிந்து கிடக்கும் பச்சை நிறப் பலகையை நம்மில் பலர் கண்டிருப்போம். அதன்மேல் விரற்கடை அளவு உயரத்தில் சிறு சிறு உருளைகள் நிற்கும். பாடநூல் அவற்றை மின்தேக்கி என்னும். கடைக்காரர் கண்டென்சர் என்றும் கெப்பாசிட்டர் என்றும் சொல்வர். மோட்டார் விட்டுவிட்டு இறைத்தாலும் குழாயில் நீர் சீராக வருமாறு காப்பது மாடித் தொட்டி. அதுபோல, ஏறியும் இறங்கியும் வரும் மின்னோட்டத்தைத் தாங்கிச் சீராக வழங்குவது இவ்வுருளையின் பணி. உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகளும், அவற்றின் இடையே மின்பகு திரவத்தில் ஊறிய காகிதமும் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. தகட்டின்மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஆக்சைடு படலமே காவல்.

வெப்பம் இதன் பகை. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை உயரும்போதும் இதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கைக்கொள்ளும் கணக்கு. புழுக்கமும் உப்புக்காற்றும் தூசும் மிகுந்த கடற்கரைத் தெருவில், காற்றோட்டமில்லாத அறையில் இருக்கும் பெட்டிக்கு இக்கணக்கு எத்துணைக் கடுமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திரவம் வற்றினாலும் கேடு. திரவத்தின் சேர்மானம் பிழையாக இருந்தால் அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். உருளையின் தலை உப்பும். தலையில் வெட்டியிருக்கும் கீற்று வழியே திரவம் கசியும். அதன்பின் கணிப்பொறி தானே நின்று நின்று எழும். ஒருநாள் எழாமலே கிடக்கும்.

இதை மாற்றுவது எளிதோ எனின், பொருள் எளிது, கை அரிது. பழைய உருளையின் கால்களைப் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப்பற்றை இளக்க வேண்டும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த பழைய பற்று 183 பாகை செல்சியஸில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பரவிய காரீயமில்லாப் பற்று உருகுவதற்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். பலகையோ பல அடுக்குகளைக் கொண்டது. உள்ளிருக்கும் செப்புத் தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்து இழுத்தால் துளையைச் சுற்றியுள்ள செப்பு வளையம் பெயர்ந்துவிடும்; அப்போதுதான் பலகை மெய்யாகவே இறக்கும். புதிய உருளை அதே கொள்ளளவும், குறையாத மின்னழுத்தத் தகுதியும், 105 பாகை தாங்கும் திறனும் உடையதாக இருத்தல் வேண்டும். எதிர்முனையைக் காட்டும் கோட்டைக் கவனியாமல் திருப்பி வைத்தால் வெடிக்கும். இத்தனைக்கும் அந்த உருளையின் விலை பத்திருபது ரூபாய்க்கு மேற்படாது.

இரு தீர்ப்புகள்

நாம் பணிபுரியும் மத்ரஸாவில் தேர்வுத்தாள் அச்சிடப் பயன்பட்ட பழைய கணிப்பொறி ஒன்று ஒருகாலத்தில் இவ்வாறு நின்றுபோயிற்று. முதலில் காட்டிய கடையில் பெட்டியைத் திறந்து நோக்கியவர், “போர்டு போய்விட்டது, ஹஜ்ரத். புதுசு போட்டால் ஆறாயிரம் ஆகும்” என்றார். மற்றொரு கடையில் இளைஞர் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நம் கையிலேயே கொடுத்து, தலை உப்பிய மூன்று உருளைகளைக் காட்டினார். “மாற்றிப் பார்க்கலாம், ஆனால் போர்டு பழசு, வேலை செய்யும்போது கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. சம்மதமென்றால் செய்கிறேன்” என்றார். சம்மதித்தோம். கணிப்பொறி எழுந்தது. கழற்றிய மூன்றையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்து, அறுநூறு ரூபாய் பெற்றுக்கொண்டார்.

இதன்பின் நடந்ததே சிந்தனைக்குரியது. கணக்குப் பார்த்த கமிட்டிப் பெரியவர், “மூன்றும் சேர்த்து முப்பது ரூபாய்ச் சாமானுக்கு அறுநூறு ரூபாயா?” என்று முகம் சுளித்தார். அவர் நல்லவர், பொதுப்பணத்தைப் பேணுபவர். ஆயினும் முதற்கடையில் ஆறாயிரம் கொடுத்துப் புதுப்பலகை வாங்கியிருந்தால் அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியும் பெரிய பொருளுக்குப் பத்து மடங்கு கொடுக்க மனம் இசைகிறது. உண்மைக்கும் அறிவுக்கும் பத்தில் ஒன்று கொடுக்கக் கூசுகிறது.

நம்மில் பெரும்பாலோர் அவர் போன்றவர்களே. மருத்துவர் ‘மருந்து வேண்டா, ஓய்வு போதும்’ என்றால் அவருக்குரிய கட்டணத்தை மனக்குறையோடு கொடுக்கிறோம். பை நிறைய மருந்து எழுதித் தந்தால் நிறைவோடு திரும்புகிறோம். பழுது பார்ப்பவன் இதை நன்கறிவான். மெய் சொன்னால் பேரம், பொய் சொன்னால் மறுபேச்சில்லை என்பதை அவனுக்குக் கற்பித்தவர் யார்? அவன் பொய்யுரைப்பது குற்றமே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொய்யை இலாபமுள்ளதாக ஆக்கிக் கொடுத்தவர் நாம் அல்லவா?

ஐபை மறைத்தல்

இது சிறுகடையின் நோய் மட்டுமன்று. 1999ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள், பல நிறுவனங்களின் பலகைகளில் இவ்வுருளைகள் காலத்துக்கு முன்பே வீங்கிக் கெட்டன. அதை ஒரு கொள்ளைநோய் என்றே உலகம் அழைத்தது. அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பிய ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் ஏறத்தாழ 1 கோடியே 18 இலட்சம் இந்தப் பழுதுக்கு இலக்காகும் நிலையில் இருந்தன. 2005இல் அந்நிறுவனம் இதற்கென 30 கோடி டாலரை ஒதுக்கியது. உத்தரவாதக் காலத்தை நீட்டிப் பலருக்குப் பலகைகளை மாற்றியும் கொடுத்தது. எனினும் 2007இல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளியானபோது மற்றொரு முகம் தெரிந்தது. பலகையில் கோளாறு என்று பொருள்படும் பேச்சையே வாடிக்கையாளரிடம் தவிர்க்குமாறு ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையிலிருந்து முறையீடு வந்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தை அளவுக்கு மீறி வருத்தியதே காரணம் என்று பதிலுரைக்கப்பட்டதாம்! கணக்குப் போடுவதற்கென்றே உண்டான இயந்திரம் கணக்கினால் கெட்டது என்பதைக் கேட்டு நகைப்பதா, வருந்துவதா?

வணிகத்தில் பொருளின் ஐபை அறிந்தவர் அதை மறைக்கலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் சிறுவரும் படிக்கும் பாடம். மறைக்கப்பட்ட ஐபு பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அதனைக் ‘கியாருல் ஐப்’ என்பர். விற்பவரின் ஐபு நாளடைவில் தானே வெளிப்படக்கூடும். பழுது பார்ப்பவரின் சொல் அவ்வாறு வெளிப்படுவதே இல்லை. ‘பலகை இறந்தது’ என்று அவர் சொன்னால், இறந்ததாகச் சொல்லப்பட்ட பலகை அவர் கடையிலேயே தங்கிவிடுகிறது. அதை எழுப்பி வேறொருவருக்கு விற்றாலும் நாம் அறியமாட்டோம். சாட்சியே இல்லாத இடத்தில் உரைக்கப்படும் சொல்லாதலின் அது முழுமையான அமானிதம் ஆகிறது.

இமாம்களின் கவலை

செப்பனிடக் கொடுத்த பொருள் தொழிலாளியின் கையில் கெட்டால் ஈடு செய்யும் கடமை அவருக்கு உண்டா? நம் சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதனை வாதித்துள்ளனர். துணி வெளுப்பவர், சாயம் தோய்ப்பவர், தையற்காரர் ஆகியோர் அன்று அவர்கள் கண்முன் இருந்த எடுத்துக்காட்டுகள். மக்களின் நலன் கருதித் தொழிலாளரை ஈட்டுக்குப் பொறுப்பாக்கியதாக ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களும் அவ்வழியே சென்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், தொழிலாளியின் செயலால் விளையாத சேதத்துக்கு அவர் பொறுப்பல்லர் என்றார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவருமோ, பெருந்தீ போன்ற தவிர்க்கவொண்ணாக் காரணம் இருந்தாலன்றிப் பொறுப்பு நீங்காது என்றார்கள்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைப் பற்றி அவர்தம் மாணவர் றபீஉ அறிவிக்கும் செய்தி மிகவும் நுட்பமானது. குற்றம் செய்யாத தொழிலாளி ஈடு செய்ய வேண்டியதில்லை என்பதே இமாமவர்களின் கருத்து. ஆயினும் தீய தொழிலாளர் அதைச் சாக்காகக் கொள்வர் என அஞ்சி அவர்கள் அக்கருத்தை வெளிப்படையாக உரைக்காமல் இருந்தார்களாம். நேர்மையாளருக்கு நீதி வழங்கும் விதியே நேர்மையற்றவருக்குப் புகலிடமாகிவிடுமே என்னும் கவலை ஒரு பேரறிஞரின் நாவையும் தயங்க வைத்தது.

அந்தத் தயக்கம் இன்றைய கடைக்கும் பொருந்தும். பலகை கையில் கெட்டால் முழு விலையையும் நீயே கொடு என்று கட்டாயப்படுத்தினால், எந்த மெக்கானிக்கும் சூட்டுக்கோலைத் தொடமாட்டார். ‘புதுசு வாங்குங்கள்’ என்பதே அவருக்குப் பாதுகாப்பான சொல்லாகும். அறவே பொறுப்பில்லை என்று விட்டுவிட்டால் அவசரக் கையும் கள்ளக் கையும் ஒன்றாகிவிடும். அளவுக்கு மீறிய கண்டிப்பு பொய்யை வளர்க்கும்; அளவற்ற தளர்வு அலட்சியத்தை வளர்க்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள வழி, அந்த இளைஞர் எவரும் கற்பிக்காமலே கைக்கொண்ட வழிதான். பழுதைக் கண்ணால் காணச் செய்தல், நேரக்கூடிய கேட்டை முன்னரே சொல்லுதல், சம்மதம் பெற்றுத் தொடுதல், கழற்றியதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தல் ஆகிய நான்கும் நிறைவேறினால், அதற்குப்பின் நேரும் சேதத்தை இரு தரப்பாரும் மனக்கசப்பின்றி ஏற்கலாம்.

எறிந்தது எங்கே போகிறது?

‘பொய்யால் ஒருவருக்குப் பண நட்டம், அவ்வளவுதானே’ என்று எண்ணுவோர் உண்டு. அவ்வளவன்று. இறந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட பலகை ஆவியாகி மறைவதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டானதாக ஐ.நா. அமைப்புகளின் ஆய்வு கூறுகிறது. முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதற்குப் பதிவுள்ளது அதில் 22.3 விழுக்காடே. மீதியில் பெரும்பகுதி ஏழைகளின் வாசலுக்கே சென்று சேர்கிறது. தில்லியின் சீலம்பூரிலும், பித்தளைக் கைவினைக்குப் பேர்போன மொராதாபாத்திலும் பலகைகளை எரித்தும் அமிலத்தில் தோய்த்தும் செம்பும் பொன்னும் பிரித்தெடுப்போரின் நிலையை ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். இராமகங்கைக் கரையின் மண்ணில் கன உலோகங்கள் படிந்து கிடக்கின்றன. அவ்வேலையைச் செய்யும் குடும்பங்களில் நம் சமுதாயத்தாரும் மிகப்பலர். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது என்பதை மருத்துவம் ஐயமற நிறுவியுள்ளது.

நம் கடற்கரையும் இதற்குப் புறம்பன்று. ஒரு நாட்டின் நச்சுக்கழிவை மறுநாட்டின்மேல் கொட்டுவதைத் தடுக்க 1989இல் பாசெல் உடன்படிக்கை உருவாயிற்று. அதன் பின்னரும், வேறு சரக்கென்று பெயரிட்ட கொள்கலன்களில் மின்னணுக் கழிவு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிச் சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டது ஒருமுறையன்று. உள்நாட்டில் 2012 மே மாதம் முதல் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் உள்ளன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. வடசென்னை ஏற்கெனவே மற்றவர்களின் சுமையைச் சுமக்கும் நிலம். கொடுங்கையூரில் குப்பை மலை. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய்ப் படலம், மீனவரின் வலையையும் படகையும் கறுப்பாக்கியது. வீணாக எறியும் ஒவ்வொரு பொருளும் இத்தகைய ஏதோவொரு தெருவிலேயே சென்று விழும். ‘இஸ்ராஃப்’ என்னும் வீண்விரயம் விலக்கப்பட்டது செலவாளியின் பணப்பையைக் காக்க மட்டுமன்று. விரயத்தின் சுமை எப்போதும் வேறொருவர் தலையிலேயே ஏறுகிறது.

செப்பனிடாமையும் செப்பனிடுதலே

ஈண்டு ஓர் எதிர்வாதத்தையும் நோக்குதல் நேர்மையாகும். எல்லாவற்றையும் செப்பனிட்டுக்கொண்டே இருப்பதும் அறமாகாது என்பர். உண்மையே. வீங்கிய பேட்டரியைக் குத்தி அழுத்தி மீண்டும் பொருத்துவது தீயை வீட்டுக்கு அழைப்பதாகும். வெள்ளத்தில் மூழ்கிய பலகையைத் தூய நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி நன்கு உலர்த்தாமல் மின்சாரம் பாய்ச்சுவது பிழைத்திருக்கக்கூடியதையும் கொல்வதாகும். மாதந்தோறும் ஒரு பழுதென்று ஏழையின் பணத்தைச் சிறுகச் சிறுகக் கறப்பதைவிட, ‘இதற்கு இனிச் செலவழிக்காதீர்கள்’ என்று ஒரே சொல்லில் முடிப்பவரே நல்லவர். ஆகவே நாம் வலியுறுத்துவது எதையும் எறியாதே என்பதையன்று. எறியச் சொன்னாலும் வைத்திருக்கச் சொன்னாலும் அச்சொல் மெய்யாக இருக்கட்டும் என்பதையே. பொய்யாகச் செப்பனிடுவதும் பழுதே. மெய்யாக மறுப்பதும் இஸ்லாஹே.

அரசுகளும் இப்போது இதனைக் கருதத் தொடங்கியுள்ளன. பிரான்சில் 2021 முதல் சில மின்னணுப் பொருள்களின்மேல் அவை எத்துணை எளிதில் செப்பனிடத்தக்கவை என்பதைக் காட்டும் மதிப்பெண் இடம்பெறுகிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, செப்பனிடும் உரிமை குறித்து 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையவாயிலும் திறந்தது. வரவேற்கத்தக்க முயற்சிகள். உதிரி உறுப்புகளையும் செய்முறைக் குறிப்புகளையும் தருமாறு நிறுவனத்தைச் சட்டம் வற்புறுத்தலாம். ஆனால் கடைவாயிலில் நிற்கும் இருவருக்கிடையே நிகழும் பேச்சில் மெய்யை வற்புறுத்தச் சட்டத்தால் ஆகாது.

அதை வற்புறுத்த வல்லவர் நாமே. பழுது பார்க்கக் கொடுக்கும்போது ‘எவ்வளவு ஆகும்?’ என்பதற்கு முன் ‘எது கெட்டது, காட்டுங்கள்’ என்று கேட்போம். கழற்றிய உறுப்பைக் கேட்டு வாங்குவோம். ஆய்ந்து பார்த்து ‘இது ஆகாது’ என்றவருக்கும் அவர் செலவிட்ட நேரத்துக்குரியதை மனமுவந்து கொடுப்போம். உறுப்பின் விலையைச் சொல்லிக் கையின் கூலியைக் குறைக்கப் பேரம் பேசாதிருப்போம். தொழில் பழகும் நம் பிள்ளைகளுக்குச் சூட்டுக்கோல் பிடிக்கக் கற்பிப்பதோடு, ‘எனக்குத் தெரியவில்லை, வேறிடம் காட்டுங்கள்’ என்று சொல்லவும் கற்பிப்போம். அச்சொல்லைக் கேட்டு அவர்களை இகழாதிருப்பது நம் கடமை.

கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பழுதைக் காட்டிய அந்த இளைஞர்கள் இராயபுரத்துச் சந்துகளிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் அவ்வாறே நிலைத்திருப்பதும், முதற்கடைக்காரரைப் போல மாறிவிடுவதும் பெரிதும் நாம் எதற்கு மனமுவந்து விலை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மெய்க்கு விலை கொடுக்கும் மனத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!